பச்சைத் தண்ணீருக்குப் பத்தியம்

12-6-1987, வெள்ளி

இன்றைக்கும் வாசலில் அதே கேள்வி. "ஊசி போடுற டாக்டர் வந்துட்டாரா சார்?" இன்னும் வரவில்லை, நான் இருக்கிறேனே, உடம்புக்கு என்ன என்றேன். "பரவால்ல சார், நான் வெயிட் பண்றேன்." ஏதோ நான் ஊசி டாக்டரின் செருப்புக்குக் காவல் இருப்பவன் மாதிரி.

பாளையங்கோட்டையில் முட்டி மோதிப் படித்துப் பட்டம் வாங்கியது இதற்குத்தான். 'சித்த மருத்துவப் பிரிவு' என்று பலகை இருக்கிறது. பலகைக்குக் கீழே சைக்கிள் நிறுத்துகிறார்கள். என் மேஜை நடையில். நிலவேம்பு போன மாதமே தீர்ந்துவிட்டது. கேட்டால் மருந்து வேண்டும் என்று இண்டென்ட் எழுதிப் போயிருக்கிறதாம். எங்கே போயிருக்கிறது, காசிக்கா?

அந்த ஊசி டாக்டர், எங்கள் மெடிக்கல் ஆபீசர், எம்.ஓ. தோத்தாத்ரி கெட்ட மனுஷர் இல்லை. நேரத்துக்கு வருவார், கை சுத்தம். ஆனால் என்னைப் பார்த்தாலே ஒரு சிரிப்பு. "வைத்தீஸ்வரன்னு பேரைப் பார்த்தே உமக்கு வேலை குடுத்துட்டா போலருக்கு!" இந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் வந்த நாள் முதல் இதே ஜோக்.

வீட்டுக்கு வந்து காமுவிடம் புலம்பினேன். என் மனைவி பள்ளிக்கூட டீச்சர், எதையும் திருத்தாமல் விடமாட்டாள். "நோய் வந்தப்புறம் பார்க்கிறது பெரிசில்ல, வராம காக்கிறதுதான் எங்க சாஸ்திரம்னு நீங்கதானே மேடை போட்டுப் பேசுவீங்க? உங்ககிட்ட யாரும் வரலைன்னா அது உங்க வெற்றி" என்கிறாள். போடி.

3-7-1987, வெள்ளி

ஏரிக்கரைத் தெருவில் மஞ்சள் காமாலை. கிராம சுகாதார நர்ஸ் அருள்மேரி காலையிலேயே ஓடி வந்தார். வீட்டுக்கு வீடு கண் மஞ்சள், வாந்தி, சோற்றைக் கண்டால் குமட்டல்.

எம்.ஓ., அருள்மேரி, நான், மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். பார்க்க என்ன இருக்கிறது? குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே படுத்துக் கிடக்கிறது. இணைப்பில் கந்தல் துணி சுற்றியிருக்கிறார்கள். பஞ்சாயத்துக்கு எம்.ஓ. எழுதுகிறாராம். எழுதட்டும்.

திரும்பி வரும் வழியில் தோத்தாத்ரி முதல் தடவையாக என்னிடம் சிரிக்காமல் பேசினார். "மத்தவாளுக்கு வந்தா ரெஸ்ட் எடுத்தாலே பெரும்பாலும் போயிடும். கர்ப்பிணிக்கு வந்தாத்தான் பயம். நான் பார்த்திருக்கேன். தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது."

9-7-1987, வியாழன்

அடேயப்பா! என் மேஜைக்கு முன்னால் வரிசை. காமாலை என்றால் மட்டும் ஊசிக்காரர்களுக்கும் நாட்டு மருந்து ஞாபகம் வந்துவிடுகிறது. 'கசாய டாக்டர் எங்க?' என்று தேடுகிறார்கள்.

தெரு முனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் தனக்கோடி தன் மகன் அப்பாதுரையை இழுத்துக்கொண்டு வந்தாள். கண் இரண்டும் எலுமிச்சம்பழம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கச் சொன்னேன். உப்பு, புளி, எண்ணெய் கூடாது என்றேன். தனக்கோடி கையைத் தட்டி, "இத்த நீ என்னாண்ட வுட்டுடு சார். உப்பு டப்பாவ எதுத்த வூட்ல குடுத்து வச்சிடறேன். அவன் எப்டி துன்றான்னு நானும் பாக்கறேன்" என்றாள்.

கூடவே மருமகள் மாரி வந்திருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருக்கிறாளாம். மசக்கையில் வாடிப்போய், சுவரில் சாய்ந்து நின்றாள். எனக்கு எம்.ஓ. சொன்னது நினைவுக்கு வந்தது. தனக்கோடியிடம், மகனை விடு, அவன் பிழைத்துக்கொள்வான், மருமகளுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு என்றேன். "சரி சார், சரி சார்." அந்தச் சரியின் லட்சணம் எனக்குத் தெரியாதா?

18-7-1987, சனி

தெரிந்துதான் இருந்தது. ஏரிக்கரைத் தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது மாரியை. குழாயடியில் குனிந்து, கையைக் குவித்து, மடமடவென்று குடித்துக்கொண்டிருக்கிறாள்.

கத்திவிட்டேன். அந்தப் பெண் பயந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டது. தனக்கோடி ஓடி வந்தாள். "இன்னாத்துக்கு சார் புள்ளத்தாச்சிய மெரட்ற? காய்ச்சின தண்ணி செத்த தண்ணி சார். தாகம் அடங்காது. ஜொரக்காரங்களுக்குத்தான் வெந்நீ."

உள்ளே அப்பாதுரை உப்பில்லாத கஞ்சியை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறான். ஒரு கல் உப்பு படவில்லை, சத்தியம் செய்கிறான். அருள்மேரி மாசக்கணக்காக வீடு வீடாகப் போய், படம் போட்ட அட்டையைக் காட்டி, தண்ணீரைக் காய்ச்சுங்கள் என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு அடுப்பிலாவது தண்ணீர் ஏறியதா? இல்லை. நான் உப்பைத் தொடாதே என்றேன், தொடவில்லை. இதென்ன நியாயம்? நாக்குக்கு ருசியான உப்பை விடுவார்களாம், சாக்கடைத் தண்ணீரை விடமாட்டார்களாம்!

இரவெல்லாம் ஆத்திரம். பத்தியம் என்றால் தலையால் நடக்கிறார்கள். சுகாதாரம் என்றால் சர்க்கார் பேச்சு.

3-8-1987, திங்கள்

ஆடிப்பெருக்கு. ஊரெல்லாம் தண்ணீருக்கு மஞ்சள், குங்குமம். ஏரிக்கரைத் தெருவில் அதே குழாய்க்குப் பூச்சரம் சுற்றி வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

இன்று ஒரு காரியம் செய்தேன். அந்தத் தெருவில் காமாலை இல்லாதவர்களை எல்லாம் கூப்பிடச் சொன்னேன் அருள்மேரியிடம். காய்ந்த நெல்லிமுள்ளியும் சீரகமும் சேர்த்து இடித்த பொடி, காமுவும் நானும் வீட்டில் இடித்தது. சர்க்கார் மருந்து வந்தால்தானே! பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தேன். நோய் வராமல் காக்கிற மருந்து என்றேன். பொய் இல்லை, உடம்புக்கு நல்லதுதான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. கடும் பத்தியம்" என்றேன்.

அவ்வளவுதான். அத்தனை தலையும் நிமிர்ந்தது.

"பச்சைத் தண்ணி வாயில படக்கூடாது. சீரகம் போட்டுத் தளதளன்னு கொதிச்சு ஆறின தண்ணிதான். ஒரு வாய் பச்சைத் தண்ணி பட்டாலும் மருந்து முறிஞ்சிடும்."

முறிஞ்சிடும் என்ற சொல்லுக்கு ஒரு பெருமூச்சு ஓடியது கூட்டத்தில். தனக்கோடிதான் கேட்டாள். "எத்தினி நாளு சார் பத்தியம்?"

"ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள்." வாய் தானாகச் சொல்லிவிட்டது. எந்த வைத்தியனும் அதைத்தானே சொல்வான்.

5-8-1987, புதன்

தோத்தாத்ரிக்கு விஷயம் போய்விட்டது. தடுப்பூசிக் கூட்டத்துக்கு நடுவில், எல்லோர் முன்னாலும்: "ஏன் ஓய், வெந்நீரைப் பத்தியம்னு சொல்லி ஏமாத்தறீரா? இது சயன்ஸா? கிருமி இருக்குன்னு சொல்லும், புரிய வையும். பயமுறுத்திப் பண்றது மருத்துவமா?"

"உங்க கிருமியை அருள்மேரி சொல்லிச் சொல்லி அலுத்தாச்சு சார். கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு எவனும் பயப்படலை. மருந்து முறிஞ்சிடும்னா பயப்படறான். நான் என்ன செய்ய?"

"நாளைக்கு உம்ம பொட்டலம் தீர்ந்தா?"

கோபத்தில் என் மேஜைக்கே திரும்பி வந்துவிட்டேன். தீரும்போது பார்த்துக்கொள்ளலாம், பெரிய சயன்ஸ்!

29-8-1987, சனி

ஏரிக்கரைத் தெருவில் புதுக் கேஸ் ஒன்றும் இல்லை. பக்கத்துத் தெருக்களில் இருக்கிறது. இங்கே இல்லை.

அருள்மேரி சிரித்துக்கொண்டே சொன்னார். "சார், தனக்கோடி கடையில யாராவது பச்சைத் தண்ணி கேட்டா இட்லியைத் திருப்பி வாங்கிடறாங்க. 'எங்க தெரு பத்தியத்தில கீது, தெரியாதா?'ன்னு சண்டை." மாரி சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாளாம், சீரகத் தண்ணீரோடு. வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது.

சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், இருந்தது.

11-9-1987, வெள்ளி

காஞ்சிபுரத்தில் ஆய்வுக் கூட்டம். காலை ரயில், அப்புறம் பஸ், அப்புறம் மணிக்கணக்கில் பெஞ்சு. ஏரிக்கரைத் தெருவில் காமாலை நின்றது பற்றிப் பேச எழுந்தேன். மேலதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "அங்க பிளீச்சிங் பவுடர் போட்டு கன்ட்ரோல் பண்ணியாச்சுன்னு ரிப்போர்ட் வந்திருக்கே, நெக்ஸ்ட்."

பிளீச்சிங் பவுடரா! அந்த மூட்டை பஞ்சாயத்து ஆபீஸில் கல்லாக இறுகிக் கிடக்கிறது. அதன் மேல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். தோத்தாத்ரி எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கும் தெரியும். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.



20-9-1987, ஞாயிறு

போட்ட சட்டையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று தனக்கோடி வந்து, "நாளிக்கு வூட்டாண்ட வரணும் சார். தெருவே சேந்து ஆக்கிப் போட்றோம்" என்று அழைத்தாள். மருந்து பலித்த மகிழ்ச்சி என்று நினைத்தேன். காமுவையும் அழைத்துப் போனேன். தெருவை அடைத்துப் பந்தல். மீன் குழம்பு மணக்கிறது. எனக்கு ஒரு மாலை வேறு.

பந்தியில் உட்காரும் முன்னால் தனக்கோடி குழாயடியிலிருந்து ஒரு குடத்தை இடுப்பில் தூக்கி வந்தாள். எல்லோர் கையிலும் டம்ளர். முதல் டம்ளரை எனக்கு நீட்டினாள்.

"என்னம்மா இது?"

"பத்தியம் முடிக்கிறோம் சார். இன்னியோட மண்டலம் ஆச்சில்ல? மருந்து குடுத்த கையால நீதான் மொதல் வாய் பச்சத் தண்ணி குடிச்சு முடிச்சு வெக்கணும்."

நான் டம்ளரைத் தட்டிவிட்டேன். கீழே கொட்டுங்க, எல்லாரும் கீழே கொட்டுங்க என்று பைத்தியக்காரன் மாதிரி கத்தினேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்பாதுரைக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா சார் நீ, நல்ல நாளும் அதுவுமா? நீதானே சார் ஒரு மண்டலம்ன? நாங்க ஒரு நாள் கொறச்சோமா?"

குறைக்கவில்லை. ஒரு நாள் குறைக்கவில்லை. மாரி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் டம்ளர் காலி. நான் கத்தும் முன்னாலேயே குடித்துவிட்டிருந்தாள்.

காமு வீட்டுக்கு வந்த பிறகு, "நீங்க ஏன் நாள் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

21-9-1987, திங்கள்

ஏன் நாள் சொன்னேன்?

12-10-1987, திங்கள்

இன்னொரு மண்டலம் இருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். தனக்கோடிக்கு இன்னும் மனத்தாங்கல் தீரவில்லை. "நோவே இல்லாதவனுக்கு எதுக்கு சார் ரெண்டாம் மண்டலம்? மருந்து ஒடம்புல புட்சிகிச்சு. வெறகு வேற ஈரம், புகை கண்ணக் கரிக்குது."

மழை பிடித்துவிட்டது. குழாய் இப்போது சாக்கடைக்குள் இல்லை. சாக்கடை குழாய்க்கு மேலே ஓடுகிறது.

14-11-1987, சனி

மாரிக்குக் கண் மஞ்சள்.

அருள்மேரி சொன்னதும் குடைகூட எடுக்காமல் ஓடினேன். மாரியின் பேச்சில் ஒரு குழறல். எதைக் கேட்டாலும் தாமதமாகப் பதில். தனக்கோடி கீழாநெல்லியைக் கையில் வைத்துக்கொண்டு, "அரச்சுக் குடுக்கட்டா சார்? மோரு கீது" என்கிறாள். வேண்டாம் என்றேன். இது என் மருந்துக்கு அடங்குகிற கட்டம் இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

தோத்தாத்ரி தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். சீட்டெல்லாம் வாந்தி. அந்த மனுஷர் காரை எங்கும் நிறுத்தவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டும்போது மட்டும் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டாராம், அருள்மேரி சொன்னார்.

19-11-1987, வியாழன்

மாரி பிழைத்துக்கொண்டாள். பிள்ளை செத்துப் பிறந்தது. பெண் பிள்ளை.

4-12-1987, வெள்ளி

தனக்கோடி வந்தாள். அழுவாள், திட்டுவாள், எதற்கும் தயாராக இருந்தேன். அவள் உட்கார்ந்து, நிதானமாக, "ஏன் சார், மறுபத்தியம் சொல்லாம வுட்ட?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மருந்து முடிஞ்சா, மருந்து துன்ன அத்தினி நாளு திரும்பியும் பத்தியம் இருக்கணும். மறுபத்தியம். எங்கம்மாக்கு வைத்தியம் பாத்தவரு சொல்லுவாரு. நீ படிச்சவன், உனுக்குத் தெரியாதா? நீ சொல்லியிருந்தா நாங்க இருந்திருப்போமே சார். அந்தக் கொயந்த இருந்திருக்குமே."

மறுபத்தியத்தினால் இல்லை அம்மா, தண்ணீரினால் என்று வாய் வரை வந்தது. ஆனால் அவள் கணக்கில் தப்பு எங்கே இருக்கிறது? மறுபத்தியம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெருவே இருந்திருக்கும், ஐப்பசி மழையில் மாரி அந்தக் குழாயைத் தொட்டிருக்கமாட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லையே. ஐயோ, தோன்றவே இல்லையே!

அவள் போன பிறகு தோத்தாத்ரி வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "நாலு தடவை பஞ்சாயத்துக்கு எழுதினேன் ஓய். என் கடுதாசியால ஒரு கேஸாவது நின்னுதா? உம்ம பொட்டலத்துல நின்னுது, நிஜமா நின்னுது" என்றார். பிறகு, என் மேஜையை அவர் அறைக்குள்ளேயே போடச் சொல்லிவிட்டார்.

மேஜை உள்ளே வந்துவிட்டது. இப்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

22-1-1988, வெள்ளி

இனிமேல் இந்த ஏமாற்று ஜாலம் வேண்டாம் என்று முடிவு செய்து, ஏரிக்கரைத் தெருவில் உண்மையைச் சொன்னேன். பொடியில் ஒன்றும் இல்லை, உங்களைக் காப்பாற்றியது காய்ச்சின தண்ணீர்தான். மருந்து, மண்டலம், பத்தியம் எதுவும் வேண்டாம், என்றைக்கும் காய்ச்சிக் குடியுங்கள் என்றேன்.

ஒருத்தரும் நம்பவில்லை. பின்வரிசையில் ஒருவன், "சாருக்கு மருந்து ஸ்டாக் இல்லபோல, அதான் இப்டி சொல்லிகினு கீறாரு" என்றான். எல்லோரும் பரிதாபமாக என்னைப் பார்த்தார்கள்.

5-2-1988, வெள்ளி

அருள்மேரி: "சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க உண்மையைச் சொன்னதுலேர்ந்து மாரிக்கு அப்படி ஆனப்புறம் பயந்து காய்ச்சிக்கிட்டிருந்த நாலு வீடும் நிறுத்திட்டாங்க."

சிரித்தேன். வேறென்ன செய்ய?

8-7-1988, வெள்ளி

மாற்றல் உத்தரவு. தர்மபுரி. அடுத்த வியாழனோடு இங்கே விடுவிப்பு. ஊரப்பாக்கத்தில் மனை பார்த்து வைத்திருந்தோம், அதுவும் போச்சு. காமு, "அங்கேயும் தண்ணி இருக்கும், வயித்து நோவும் இருக்கும், வாங்க" என்றாள். அவளுக்கு இங்கே நிரந்தர வேலை. இருந்தும் அப்படிச் சொல்கிறாள்.

தோத்தாத்ரியிடம் காட்டினேன். படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "அசடுகள்" என்றார். யாரை என்று சொல்லவில்லை.

13-7-1988, புதன்

தடுப்பூசி நாள். இங்கே எனக்குக் கடைசிப் புதன். கூட்டத்தில் மாரி. மறுபடி உண்டாகியிருக்கிறாள். ஆள் பாதியாக இளைத்திருக்கிறாள், ஆனால் கண் வெள்ளையாக இருக்கிறது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

தோத்தாத்ரி தானே எழுந்து அவளுக்கு டி.டி. ஊசியைப் போட்டார். அவள் கையைத் தேய்த்துக்கொண்டே, "இந்த ஊசிக்குப் பத்தியம் எதுனா கீதா சார்?" என்று கேட்டாள்.

ஊசிக்கு ஏது பத்தியம். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"உண்டு" என்றார் தோத்தாத்ரி. "பச்சைத் தண்ணி வாயில படப்படாது. சீரகம் போட்டுக் கொதிக்க வச்ச தண்ணிதான். பட்டா ஊசி முறிஞ்சுடும்."

அருள்மேரி பஞ்சைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் எம்.ஓ. ஊசியைத் தட்டில் போட்டார்.

"எத்தினி நாளைக்கு சார்?"

தோத்தாத்ரி இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "அது அவர் டிபார்ட்மென்ட்டும்மா. அவரைக் கேளு."

மாரி என்னைப் பார்த்தாள். அறை முழுக்க என்னைப் பார்த்தது.

"நான் வந்து முடிச்சு வைக்கிற வரைக்கும்" என்றேன்.

"நீங்களே வருவீங்களா சார்?"

"நானேதான் வரணும். வேற யார் சொன்னாலும் முடிக்காதே. உங்க மாமியார் சொன்னாலும் முடிக்காதே. புள்ளை பொறந்தாலும் அதுக்கும் இதே தண்ணிதான்."

"மறந்துட்டீங்கன்னா?"

"மறந்துட்டா, நீ பாட்டுக்குக் காய்ச்சிக்கிட்டே இரு."

சரி சார் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். இந்தச் சரி வேறு மாதிரி இருந்தது.

தோத்தாத்ரி இழுப்பறையிலிருந்து தர்மபுரிக்கான என் விடுவிப்பு உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, என்னிடம் நீட்டினார்.